நத்தையை வேட்டையாடும் ஈ

ஈ என்ற சொல் காதில் விழுந்ததும் நம் இல்லங்களில் பெண்மணிகள் தேடுவது பலகாரத் தட்டை மூடுவதற்கு ஒரு மூடியை. ஆடவர்கள் தேடுவது விசிறியை. இந்த ஜாதியின் மீது நமக்குள்ள வெறுப்பு நியாயமானதுதான். பண்டங்களைக் கெடுப்பது, வியாதிகளைச் சுமந்து வருவது, பகல் தூக்கத்தைக் குலைப்பது ஆகிய மூன்று குற்றங்களுக்கும் வீட்டு ஈ பொறுப்பாளி என்பதில் இரண்டு அபிப்பிராயங்கள் இருக்க முடியாது. ஆனால் குடும்பத்தில் ஒருவன் செய்த குற்றத்துக்காகக் குடும்பத்தார் அனைவரையும் தண்டிப்பது முறையாகாது அல்லவா? ஈக்களின் மகா குடும்பத்தில், நமது சமையலறைப் பக்கமே எட்டிப் பாராமல், நீரோரத்துப் புற்களின் மேல் பரம சாதுவாக உட்கார்ந்திருக்கும் ஒரு கிளை உண்டு. தாய் தந்தையர் சாதுக்களே தவிர, அவர்களுடைய குழந்தைகள் அப்படியல்ல. அவை பிறந்த முதல் நாளிலிருந்தே வேட்டைக்குப் புறப்பட்டுவிடுகின்றன. அவை வேட்டையாடுவது நத்தைகளை!

நத்தைக்கொல்லி ஈக்கள் எனப்படும் இந்த வம்சத்தில் உலகமெங்கும் 500-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை மாத்திரம் இங்கே நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறோம். மத்திய அமெரிக்காவில் பிறந்த அந்த ஈ, மாடுகளைக் காப்பாற்றும் உத்தியோகம் பெற்று, பஸிபிக் மகா சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாயித் தீவுகளுக்குக் குடியேறியது. அங்கே அது செய்த வேலையும், அந்த வேலையால் பின்னர் எழுந்த ஒரு சங்கடமும் நாம் அறிந்துகொள்ளத் தக்கவை.

உருவமும் பெயரும்

இந்த ஈக்குச் சாஸ்திரிகள் இட்டிருக்கும் பெயர் ‘ஸெபெடோமெரஸ் மாக்ரோபஸ்’ என்பது. 1849-ம் வருஷத்தில் பிரான்ஸிஸ் வாக்கர் என்ற ஆங்கிலேய நிபுணர் இதை முதலில் வர்ணித்தார். ‘மாக்ரோபஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் ‘பெருங்கால்’ என்று பொருள். கங்காருவின் ஜாதிக்கும் இதே பெயர்தான் வழங்குகிறது. கங்காரு எங்கே, ஈ எங்கே என்று நேயர்கள் நகைக்கலாம். ஆனால் இந்த ஈயைப் பக்கவாட்டில் பார்த்தவர்கள் பெயர் பொருத்தமானதே என்று ஒப்புக்கொள்வார்கள். முன்னங்கால்களும் நடுக்கால்களும் மெலிந்திருக்க, பின்னங்கால்கள் மாத்திரம் நீண்டு, தொடைகள் பருத்து, பயில்வானின் கால்களைப் போல் இருக்கும்.

உடல் வீட்டு ஈயைப் போல் உருண்டு திரண்டதல்ல, ஒல்லியாக நீண்டது. தலையின் முன்புறம் இரண்டு உணர்கொம்புகள் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டு ஈயின் கொம்புகள் முகத்தோடு முகமாக ஒட்டிக் கிடப்பவை. ஆகையால் இந்த ஒன்றை வைத்தே இரண்டையும் வேறு பிரித்துவிடலாம். இதற்குப் பறப்பதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. துரத்தினால் சிறிது தூரம் பறந்து மறுபடியும் ஒரு புல்லின் மேல் உட்கார்ந்துவிடும். உட்காரும்போதும் ஒரு விசேஷம் உண்டு. இந்த வம்சத்து ஈக்களில் பல, செங்குத்தான புல் தாளைப் பற்றிக்கொண்டு, தலை கீழாகவும் வால் மேலாகவும் மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும். பனித்துளி, பூவின் தேன், இறந்துபோன சிறு பிராணிகளின் சாறு ஆகியவையே அவற்றின் ஆகாரம். மனிதனைக் கடிப்பதில்லை, மாட்டைக் கடிப்பதில்லை, பண்டத்தில் மொய்ப்பதும் இல்லை.

பிள்ளைகளின் தொழில்

தாய் ஈ, நீருக்கு மேலே நிற்கும் புல்லிலும் தண்டிலும் முட்டைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, பாயில் கோரைகளை அடுக்கினாற்போல், வரிசை பிசகாமல் இடுகிறது. உஷ்ணப் பிரதேசங்களில் சில தினங்களுக்குள் அவை பொரிந்து, சின்னஞ் சிறு புழுக்கள் நீரில் விழுகின்றன. மேலே வேறொரு புழுவைப் பற்றியும் பேச வேண்டியிருப்பதால், ஈயின் குழந்தையான இதை ‘இளம்புழு’ என்றே குறிப்பிடுவோம்.

இளம்புழுவுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. நீரில் வசித்தாலும் மீனைப் போல் நீரைச் சுவாசிக்கும் சக்தியும் இல்லை. அதன் மூச்சுத் துவாரங்கள் உடலின் பின்கோடியில் ஒரு சிறிய தட்டின் மேல் அமைந்துள்ளன. அந்தத் தட்டைச் சுற்றிலும் நீர் ஒட்டாத மெல்லிய ரோமங்கள் இருக்கின்றன. ரோமங்கள் நீர்ப்பரப்பின் மேல் விரிந்து தாங்கிக்கொள்ள, இளம்புழு வாலால் தொங்கியபடி மிதக்கிறது. போதாக்குறைக்குக் கொஞ்சம் காற்றை விழுங்கி வயிற்றில் குமிழியாக வைத்துக்கொள்வதும் உண்டு. நீச்சல் பழகும் சிறுவன் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொள்கிறான்; இது சுரைக்குடுக்கையை வயிற்றுக்குள் வைத்திருக்கிறது.

இப்படி மிதக்கும் பிராணிக்கு நத்தை எப்படி அகப்படுகிறது? இங்கேதான் இயற்கையின் ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். நீரில் வாழும் நத்தைகளில் இரு பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவு செவுள்களால் சுவாசிப்பது. அதன் கூட்டுக்குப் பெரும்பாலும் கெட்டியான ஒரு மூடியும் இருக்கும். ஆபத்து வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். மற்றொரு பிரிவு நம்மைப் போல் காற்றைச் சுவாசிப்பது. அதற்குக் கதவும் கிடையாது. மூச்சு வாங்குவதற்காக அடிக்கடி நீரின் மேற்பரப்புக்கு வந்தும் தீர வேண்டும். வேட்டைக்காரனும் காற்றுக்காக மேலே இருக்கிறான். இரையும் காற்றுக்காகவே மேலே வருகிறது. இருவரும் சந்திக்கும் இடம் அந்த மெல்லிய நீர்ப்பரப்புத்தான்.

சந்தித்ததும் இளம்புழு தன் வாயிலுள்ள கொக்கிகளை நத்தையின் சதையில் பாய்ச்சிவிடுகிறது. நத்தை வலி பொறுக்காமல் கூட்டுக்குள் சுருங்குகிறது. பற்றிய பிடியை விடாமல் இளம்புழுவும் கூடவே உள்ளே போகிறது. பகைவனை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு கதவில்லாத வீட்டில் ஒளிந்தால் என்ன பயன்? சிறிது நேரத்தில் போராட்டம் முடிந்துவிடுகிறது. மிகவும் சிறிய இளம்புழுக்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே நத்தையைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. வளர வளர ஒவ்வொன்றும் தனி வேட்டைதான். ஒன்றைத் தின்று முடிப்பதற்கு முன்பே மற்றொன்றைக் கொல்வதும் அவற்றுக்கு வழக்கம். இருமுறை தோல் உரித்து முழு வளர்ச்சி அடைவதற்குள் ஓர் இளம்புழு பத்துக்கு மேற்பட்ட நத்தைகளைத் தீர்த்துவிடும்.

வளர்ச்சி முடிந்ததும் அதன் கடைசித் தோலே இறுகிக் கூடாக மாறுகிறது. அந்தக் கூட்டின் பின்கோடி மேல் நோக்கி வளைந்து, பார்ப்பதற்குச் சிறு தோணியைப் போல் இருக்கும். அதனால் மூச்சுத் துவாரம் நீருக்கு மேலேயே நிற்கிறது. தோணி நீரில் மிதந்துகொண்டிருக்க, உள்ளே புழு ஈயாக உருமாறுகிறது. நல்ல வெப்பமுள்ள இடங்களில் முட்டையிலிருந்து ஈ வரையில் எல்லாம் சுமார் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

நத்தைக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு நத்தை இறந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். பால்மாடு வைத்திருக்கும் குடும்பத்தார் அப்படிக் கேட்க மாட்டார்கள். மாட்டின் ஈரலில் குடியிருந்து அதை உள்ளூர அரிக்கும் ஒரு தட்டைப்புழு இருக்கிறது. அது இலையைப் போல் தட்டையானது. உஷ்ண நாடுகளில் காணப்படும் பெரிய இனம் இரண்டு அங்குலத்துக்கு மேலும் வளரும். இது பிடித்த மாடு தீனி தின்றாலும் இளைத்துக்கொண்டே போகும், பால் வற்றும், இரத்தம் சுண்டும், தாடைக்கு அடியில் வீக்கம் காணும். ஆடுகள் விஷயத்தில் இன்னும் மோசம். 1879-80-ம் வருஷங்களில் இங்கிலாந்தில் இந்த இனத்தின் ஒரு பங்காளியால் சுமார் 30 லட்சம் செம்மறியாடுகள் மாண்டன.

அந்தப் பெரு நாசத்துக்குப் பிறகுதான் தட்டைப்புழு எந்த வழியாக ஆட்டுக்குள் வருகிறது என்ற ஆராய்ச்சி மும்முரமாயிற்று. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு ஸர்வகலாசாலையைச் சேர்ந்த தாமஸ் என்ற இளைஞரும், ஜெர்மனியில் லாய்க்கார்ட் என்ற பேராசிரியரும் தனித்தனியே உழைத்து, 1883-ம் வருஷத்துக்குள் உண்மையைக் கண்டறிந்தார்கள். தட்டைப்புழுவின் முட்டை சாணத்தோடு வெளியே வருகிறது. நீர் கிடைத்தால் அது பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர் நீந்திச் சென்று ஒரு நத்தையின் உடலுக்குள் நுழைகிறது. அங்கே ஒன்று பலவாகப் பெருகுகிறது. நுழைந்தது ஒன்றானாலும் வெளியேறுவது நூற்றுக்கணக்கில்! வெளியேறியவை நீரோரத்துப் புல்லில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. புல்லோடு சேர்ந்து அவற்றைத் தின்கிற மாட்டுக்கு அன்றே வியாதி தொடங்கிவிடுகிறது.

ஆக, நத்தை இல்லையேல் இந்தப் புழுவுக்கு வம்சவிருத்தி இல்லை. நத்தையை ஒழித்தால் வியாதியின் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துவிடும். இந்த உண்மை தெரிந்ததும் மயில்துத்தத்தை நீரில் கரைத்து நத்தைகளைக் கொல்லும் முறை பல நாடுகளில் கையாளப்பட்டது. ஆனால் மயில்துத்தத்துக்கு நத்தை, மீன் என்ற பேதம் தெரியாது. பயிர் நிற்கும் நீரில் அதைக் கொட்டுவதும் எளிதான காரியம் அல்ல.

ஓர் உத்தியோக நியமனம்

நத்தையைக் கொல்வதற்கென்றே பிறந்த பூச்சி ஒன்று இருக்கிறது என்ற விஷயம் நெடுங்காலம் சாஸ்திரிகளின் கவனத்துக்கு வரவில்லை. பிரெஞ்சு நாட்டில் 19-ம் நூற்றாண்டிலேயே ஒருவர் நத்தைக் கூட்டிலிருந்து இத்தகைய ஈயை வளர்த்துப் பார்த்திருந்தார். ஆனால் இந்த வம்சம் முழுவதற்கும் இதுவே குலத்தொழில் என்று காட்டியவர் அமெரிக்காவின் கார்னல் ஸர்வகலாசாலையைச் சேர்ந்த கிளிபோர்டு பெர்க். அலாஸ்காவின் குளிர்ந்த நீர்நிலைகளில் இந்த இளம்புழுக்கள் நத்தைகளைத் தின்பதைக் கண்டு, 1953-ம் வருஷத்தில் அவர் தமது முடிவுகளை வெளியிட்டார். பிறகு அவரும் அவருடைய மாணவர்களும் பல தேசங்களில் இந்த ஈக்களின் வாழ்க்கையைத் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். இவற்றில் சில நிலத்து நத்தைகளைத் தின்பவை. சில நத்தை முட்டைகளை மாத்திரம் தேடுபவை. சில நீருக்கடியில் மூழ்கிச் சிறு சிப்பிகளைக் கொல்பவை என்றெல்லாம் தெரிய வந்தது. அவருடைய மாணவர் லாயிட் நட்ஸன், பிரெஞ்சு அறிஞர் வாலா என்பவருடன் சேர்ந்து 2011-ம் வருஷத்தில் இவற்றைப் பற்றி ஒரு பெரிய நூலையே வெளியிட்டார்.

இதே சமயத்தில் ஹவாயித் தீவுகளில் மாடுகளைத் தட்டைப்புழு வருத்திக்கொண்டிருந்தது. அந்தத் தீவு மக்களின் பாரம்பரிய உணவு நாம் நன்கறிந்த சேப்பங்கிழங்கு. நம் நெல் வயலைப் போல் நீர் தேங்கிய பாத்திகளில் அவர்கள் அதைப் பயிரிடுகிறார்கள். கிழங்கை வேகவைத்து இடித்துப் ‘போய்’ என்ற கூழாக்கி உண்கிறார்கள். அந்தப் பாத்திகளிலும் வாய்க்கால்களிலும் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறு நத்தை பெருகி, தட்டைப்புழுவுக்கு இருப்பிடமாகிவிட்டது. பாத்தியை வற்றவிட்டால் கிழங்கு போய்விடும். விஷமிட்டால் உணவு கெட்டுவிடும். எனவே விவசாய நிபுணர்கள் ஈயின் உதவியை நாடினார்கள். 1958-ம் வருஷத்தில் நமது பெருங்கால் ஈ நிகராகுவா தேசத்திலிருந்து வரவழைக்கப்பட்டது. ஆராய்ச்சிசாலையில் வளர்த்துத் தீவுகளில் பறக்கவிட்டார்கள். நீரும் நத்தையும் வெப்பமும் ஒருங்கே அமைந்த இடமாதலால் ஈ அங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. பின்னர் ஆசியாவைச் சேர்ந்த இதன் தாயாதி ஒன்றும் அதே வேலைக்காகக் கொண்டுவரப்பட்டது.

கறுப்பு நத்தையின் வழக்கு

இத்துடன் கதை முடிந்திருந்தால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் ஹவாயித் தீவுகள் நத்தைகளுக்குப் பெயர் போனவை. நிலத்து நத்தைகளில் மாத்திரம் 750-க்கு மேற்பட்ட இனங்கள், உலகில் வேறெங்கும் இல்லாதவை, அங்கே வாழ்ந்தன. அவற்றில் பெரும்பகுதி இன்று அழிந்து போயிற்று. அதற்குக் காரணங்கள் பல. ஒரு காரணம் மனிதன் நல்லெண்ணத்தோடு செய்த ஒரு தவறு. பயிர்களை நாசமாக்கிய ஆப்பிரிக்க ராட்சத நத்தையை அடக்குவதற்காக, 1955-ம் வருஷத்தில் ‘ஓநாய் நத்தை’ என்னும் நத்தைதின்னி நத்தை ஒன்றை அத்தீவுகளில் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு ராட்சத நத்தையைவிட உள்ளூர்ச் சிறு நத்தைகளே ருசித்தன. அதே நத்தையை 1977-ம் வருஷத்தில் டாஹிட்டிக்கு அருகிலுள்ள மோரியா தீவில் விட்டபோது, சுமார் பத்து வருஷங்களுக்குள் அந்தத் தீவுக்கே உரிய மரநத்தை இனங்கள் காட்டிலிருந்து அநேகமாக மறைந்துவிட்டன.

ஓநாய் நத்தையோடு ஒப்பிட்டால் நமது ஈ மிகவும் கட்டுப்பாடு உள்ளது. மரம் ஏறாது, காட்டுக்குள் தேடி அலையாது, நீரும் நிலமும் கூடுகிற ஓரத்தில், காற்றைச் சுவாசிக்கும் நத்தைகளோடு தன் வேட்டையை முடித்துக்கொள்ளும். ஆனால் அந்த ஓரத்திலும் ஓர் ஏழை வசித்துக்கொண்டிருந்தது. ஹவாயித் தீவுகளில் ஒன்றான கவாயியில், மலையருவிகளின் பக்கங்களிலும் ஊற்று நீர் கசியும் பாறைகளிலும், கால் அங்குலமே நீளமுள்ள ஒரு கறுப்பு நத்தை ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. நியூகோம் நத்தை என்பது அதன் பெயர். உலகத்தில் அந்தத் தீவைத் தவிர அதற்கு வேறு வீடு கிடையாது. அது யாருடைய மாட்டுக்கும் தீங்கு செய்ததில்லை. ஆயினும் அதன் துரதிருஷ்டம், சேப்பங்கிழங்குப் பாத்தியிலுள்ள நத்தையும் அதுவும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. இளம்புழுவுக்குக் கோத்திரம் தெரியும். குற்றவாளி யார், நிரபராதி யார் என்பது தெரியாது.

2000-ம் வருஷத்தில் அமெரிக்க அரசாங்கம் அந்தக் கறுப்பு நத்தையை அபாயத்தில் இருக்கும் பிராணிகளின் பட்டியலில் சேர்த்துச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அதற்குள்ள ஆபத்துக்களை வரிசைப்படுத்தியபோது, ஓநாய் நத்தையோடுகூட, மாடுகளைக் காப்பதற்காக வரவழைக்கப்பட்ட இரண்டு ஈக்களின் பெயர்களும் எழுதப்பட்டன. உபகாரத்துக்கு நியமிக்கப்பட்ட உத்தியோகஸ்தன் பெயர் வழக்கின் எதிராளிகள் ஜாபிதாவில் ஏறிவிட்டது!

நாம் அறிய வேண்டியது

இதைக் கேட்டு ஈயின் மேல் கோபம் கொள்வது அழகல்ல. அது நிகராகுவாவின் சதுப்புகளில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதையேதான் கவாயியிலும் செய்கிறது. 1958-ம் வருஷத்து நிபுணர்களையும் அளவுக்கு மீறிக் குறை கூறுவதற்கில்லை. மாடு இளைப்பதையும் குடியானவன் கஷ்டப்படுவதையும் கண்டு, விஷம் தெளிப்பதைவிட நல்ல வழியைத் தேடினார்கள். ஈ எதைத் தின்னும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அது போகும் இடத்தில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அன்று போதிய கவனம் செலுத்தப்படவில்லை. அந்நியப் பூச்சியைக் கொண்டுவருவதற்கு முன் அது உள்ளூர்ப் பிராணிகளில் எதையெல்லாம் தாக்கும் என்று பரீட்சித்துப் பார்ப்பது பிற்காலத்தில் முக்கியமான நிபந்தனையாயிற்று.

நமது தேசத்திலும் மாட்டுக்கும் எருமைக்கும் இதே பெரிய தட்டைப்புழுவின் தொல்லை உண்டு. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் அதற்கு இடம் கொடுக்கும் நத்தைகளும் உண்டு. அதே சமயத்தில், வெளிதேசம் போகாமலே நமக்கு உதவக்கூடிய ஈக்களும் இங்கே இருக்கின்றன. பெருங்கால் ஈயின் நெருங்கிய உறவினமான ‘ஸெபெடான் பிளம்பெல்லா’ இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரையில் ஈர நிலங்களில் காணப்படுவது. யாரும் சம்பளம் கொடுக்காமல், யாரும் பெயர் சொல்லி அழைக்காமல், தலைமுறை தலைமுறையாக அது தன் வேலையைச் செய்து வருகிறது. நீரோரத்துப் புல்லையெல்லாம் ஒட்டச் சுட்டெரித்தாலும், பூச்சி என்று கண்டதற்கெல்லாம் மருந்து தெளித்தாலும், முதலில் மடிவது இப்படிப்பட்ட பேசாத வேலைக்காரர்கள்தான்.

மாடு வைத்திருப்பவர்கள் குளத்தோரத்து ஈரப் புல்லில் மாட்டை மேயவிடாமல் இருப்பதும், அப்புல்லை அறுத்தால் நன்றாக உலர்த்திப் போடுவதும், மாடு இளைத்துத் தாடை வீங்கினால் தாமதிக்காமல் கால்நடை வைத்தியரிடம் காட்டுவதும் நல்லது. ஈ செய்கிற வேலை இவற்றோடு சேர்ந்த உபரி லாபம்.

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பார்கள் நம் பெரியோர்கள். அனுபவ வார்த்தைதான். காலில் தைத்த முள்ளை எடுத்த பிறகு, எடுத்த முள்ளையும் தூர எறிந்துவிடுகிறோம். சிறகு முளைத்த முள்ளை எப்படி எறிவது என்பதுதான் ஹவாயித் தீவினருக்கு இன்றுள்ள பிரச்னை. அடுத்த முறை குளக்கரைக்குப் போகும்போது நேயர்கள் புல் தாள்களைச் சற்று உற்றுப் பார்க்கட்டும். கொம்பை நீட்டிக்கொண்டு, பருத்த பின்னங்கால்களோடு ஓர் ஒல்லியான ஈ தலைகீழாக உட்கார்ந்திருந்தால், விசிறியை ஓங்க வேண்டாம். அது நம் ஊர்க்காரன். நம் மாட்டின் காவற்காரன்.